ஏசி ரூமில் ஏது ஷாஃப்ட் சூடு?

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நம் தங்கச் சுரங்க ஊர் சாம்பியன் ரீப்ஸ் முழுக்கச் சுற்றிய தங்கராஜ் அண்ணா,

இன்றைக்கு உன்னோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறேன். நீ எதிர்த்துப் பேச முடியாது என்பது எனக்கு வசதி.

உனக்கு வெளிக்குப் போகையில் ரத்தம் வந்தபோது நாம் என்ன சொன்னோம்? "ஷாஃப்ட் சூடு." சுரங்க ஷாஃப்ட் வழியாகப் பூமிக்கடியில் அத்தனை லெவல் இறங்கி வெந்த உடம்பு, சூடு வெளியேறுகிறது என்றோம். நம் லைன் வீடுகளில் யாருக்கு அங்கே ரத்தம் வந்தாலும் அதே பேர்தான். அண்ணி மோர் கரைத்தார், நான் வெந்தயம் ஊறவைத்தேன். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் கழித்தும் அந்தச் சூடு உனக்குள் மிச்சம் இருப்பதாக நம்பினோமே, எந்த அடுப்புக்கு அண்ணா அப்படி ஒரு சூடு உண்டு?

வேலையில் இருந்த காலத்தில் கல்தூசிக்காக உன் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நீயும் சட்டையைக் கழற்றி ராஜா மாதிரி நிற்பாய். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெருமாளை மூச்சுப் பிடிக்கிற நேரத்தில் சிரிக்க வைத்து, அவனுக்கு இரண்டாவது படம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. சரி, அதை விடு. நெஞ்சுக்குக் கீழே மனுஷனுக்கு ஒன்றுமே இல்லையா? எந்த டாக்டரும் கேட்கவில்லை. நீயும் அவர்களிடம் வாய் திறக்கவில்லை. திறந்தபோது குடலில் இருந்த புற்று ஈரல் வரைக்கும் போயிருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மகன் டேவிட் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, வெறும் மோரு?"

"ஒன்னும் இல்ல அத்தை. ரெண்டு வாரமா கொஞ்சம் ரத்தம் போவுது."

அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னார்: "சூடுதான். அவங்கப்பா உடம்பு அது."

"அண்ணி, இவன் ரயிலேறி பெங்களூரு போயி ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்றான். ஒரு நாளாவது கேஜ்ல ஏறி சுரங்கத்துல எறங்கினானா? இவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சி ஷாஃப்ட் சூடு?"

அண்ணி கரண்டியோடு அடுப்படியை விட்டு வெளியே வந்தார்.

"மூலமா இருக்கும் அத்தை. அங்கல்லாம் எவன் போயி காட்டுவான்?"

"உங்கப்பனும் காட்டல. அப்புறம் சவப்பெட்டில வச்சி ஊருக்கே காட்டினோம்."

அடுத்த வாரமே கோலாரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனேன். குடலைக் கழுவ மருந்து கொடுத்தார்கள். ராத்திரியெல்லாம் டேவிட் கக்கூஸில் ஷிப்ட் பார்த்தான். மறுநாள் குழாயில் கேமரா விட்டார்கள். உள்ளே பாலிப் என்று சின்னச் சதைமொட்டு இரண்டு இருந்தது. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"விட்டிருந்தா பல வருஷம் கழிச்சி கேன்சரா மாறியிருக்கலாம். எடுத்தாச்சி, இனி அது மாறாது. ஆனா நான் சொல்ற நாளுக்கு மறுபடி வந்து பாத்துக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ எங்க அண்ணனுக்கும் இப்டி எடுத்திருக்கலாமா?"

"மொட்டா இருக்கும்போதே பாத்திருந்தா, எடுத்திருக்கலாம்மா."

எனக்கு அழுகை வரவில்லை அண்ணா. ஆத்திரம்தான் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு சோதனை இருக்கிறதாம். வீட்டிலேயே ஒரு குச்சியால் மலத்தைத் தொட்டு, சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தால் போதுமாம். நம் லைனுக்கு முகாம் போட வருகிறவர்கள் சர்க்கரை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், கண்ணாடி கொடுக்கிறார்கள். அந்த டப்பாவை மட்டும் ஏன் கொண்டுவருவதில்லை? கல்லை அரைத்துக் குந்துமணித் தங்கம் தேடின ஜனங்கள் நாம். ஒரு துளி ரத்தம் தேட நமக்கா தெரியாது?

கூடப்பிறந்தவள் என்பதால் எனக்கு டப்பா போதாதாம், கேமராவே விட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை என் முறை. பயமாகத்தான் இருக்கிறது. துணைக்கு அண்ணி வருகிறார்.

திரும்பி வந்ததும் லைனில் வீடு வீடாக ஏறி இறங்குவேன். ரத்தம் போகிறதா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஆம்பளை பொம்பளை பார்க்காமல் கேட்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். உன்னிடம் கேட்காமல் விட்ட அந்த இரண்டாவது கேள்வியை இனி யாரிடமும் கேட்காமல் விடமாட்டேன். இது சத்தியம்.

அன்றைக்குக் கூச்சப்பட்டு வெந்தயச் சொம்பை மட்டும் நீட்டிய உன் தங்கச்சி,
எஸ்தர்