நிறுத்து என்றால் நிறுத்துவாரா

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். முற்றம் முழுக்க ரப்பர் இலை. பெருக்கி முடிக்குமுன் மறுபடி விழுகிறது. அத்தை மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்கு மகள் வீட்டுக்குப் போயாச்சு. கொடை முடிந்துதான் வருவார். வீட்டில் நானும் வீட்டுக்காரர் ஜெ.யும்.

ஜெ. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து ஒரு வாரம். போனில் கேட்டதை நேரிலும் கேட்டார். பின்பக்கமாக ஒரு தடவை பார்க்கலாமா என்று. எனக்கு அருவருப்பு இல்லை. கொஞ்சம் ஆசைகூட. பயம் வேறு. நடுவில் நிறுத்து என்றால் நிறுத்துவாரா? கேட்டது கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆள். கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது அது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசி யோசி, அவசரம் ஒண்ணும் இல்ல." ஒரு சாயா குடித்து முடித்ததும், "யோசிச்சியா?"

மார்ச் 4

நாகர்கோவில். லேடி டாக்டர். மூலம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். இல்லையாம். பிறகு மெல்ல இதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சொன்னது, மறக்குமுன்:

"அவர் நகம் வெட்டணும். தண்ணியில கரையுற ஜெல், நிறைய. அந்த இடத்துல தானா ஈரம் ஊறாது. முதல்ல விரல் மட்டும், நீங்க மூச்சு விட்டுத் தளர்ந்த பிறகு. அன்னைக்கு அதோட நின்னாலும் நல்லதுதான். ஆணுறை கட்டாயம். பின்னால போனது அப்படியே முன்னால வரக்கூடாது. மரத்துப்போற மருந்து தடவாதீங்க, நிறுத்தணும்னு வலிதான் சொல்லும். ரத்தம் வந்தா இங்க வாங்க."

எனிமா? தேவையில்லையாம். வெளிக்குப் போய்விட்டுக் கழுவினால் போதும்.

ஜெல்லை நம்மூர்க் கடையில் வாங்கினால் சந்தைக்கே தெரியும். அங்கேயே வாங்கினேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா: "மருந்தா மக்கா? யாருக்கு?" வீட்டுக்காரருக்கு என்றேன்.

மார்ச் 5

மரச்சீனிக் கிழங்குதான், மீன் இல்லை. வயிறு லேசாக இருக்கட்டும் என்று கொஞ்சம்தான் தின்றேன்.

மதியம் ஜெ. நகம் வெட்டி, குளித்து, உறைப் பாக்கெட்டோடு வந்தார். இன்னொரு கையில் கிண்ணம். தேங்காய் எண்ணெய்.

"ஜெல்லு என்னத்துக்கு? நம்ம விளைத் தேங்கா ஆட்டுனது. கலப்படமே கிடையாது."

தலைக்கு, தீப்புண்ணுக்கு, கதவுக் கீலுக்கு எல்லாம் இந்த வீட்டில் அதுதான்.

"அந்த உறை எதுல செஞ்சது?" என்றேன்.

"ரப்பர்."

"ரப்பர் ஷீட்டுல எண்ணெய் பட்டா உங்கப்பா இருந்தப்ப என்ன சொல்லுவாரு?"

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன். முகம் போன போக்கைப் பார்க்கணும். "இளகிப் போவும். கிழியும்." கிண்ணம் அடுக்களைக்குத் திரும்பியது. சிரித்த சிரிப்பில் இன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை.

மார்ச் 6

துணி துவைத்தேன். ஜெ. வந்து நின்றார். முகத்தில் அதே கேள்வி.

"முதல்ல உங்களுக்குப் பாப்போம்" என்றேன். "ஜெல்லு இருக்கு. நானும் நகம் வெட்டியாச்சு."

"எனக்கா?"

வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேடியா இருக்குட்டி."

"எனக்கும் அதே பயம்தான்."

துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 7

மேகம். மதியம், கதவு தாழ். பழைய டவல் விரித்து, ஒருக்களித்துப் படுத்தேன். ஜெல் சில்லென்று இருக்கும் என்று உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். நான் சொல்லாமலே.

"பைய."

"பையத்தான்."

விரல் நுனி. வலி இல்லை, என்னவோபோல் இருந்தது. அப்புறம் அதுவும் போய்ச் சுகமாகக்கூட இருந்தது. கொஞ்சம் தாண்டியதும் இறுக்கம். மூச்சை விட்டுப் பார்த்தேன், தளரவில்லை. போதும் என்றேன். குரல் சரியாக எழும்பவில்லை, கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். கேட்டிருக்கிறது. மெதுவாகக் கையை எடுத்துவிட்டார்.

கழுவிவிட்டு வந்தவரின் முகத்தையே பார்த்தேன்.

"வலிச்சா?"

"இல்ல. போதும்னு தோணிச்சு."

"செரி. சாயா போடட்டா?"

பால் விடாத கட்டன்சாயா. சர்க்கரை கூடிப்போச்சு, குடித்தேன். அழுகை வந்தது. வெங்காயம் உரித்துச் சமாளித்தேன்.

மார்ச் 8

முகம் தூக்கவில்லை. பேச்சை எடுக்கவும் இல்லை. சந்தைக்குப் போய் அயலை மீன் வாங்கி வந்தார், அவரே ஆய்ந்தார். வேவு பார்ப்பதுபோல் நாள் முழுக்கக் கவனித்தேன். ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் இருக்கிறார்.

மார்ச் 10

தூறல். அத்தை போன். நாளை மறுநாள் வருகிறாராம். ஜெ. ஏணி போட்டுக் கூரையில் இலை வாரிக்கொண்டிருந்தார். கீழே போய் நின்றேன்.

"என்னட்டி?"

"இன்னைக்குப் பாப்போமா?"

நான்தான் கேட்டேன்.