உன் மூக்கிலிருந்த போலீஸ் ஸ்டேஷன்

அன்பு ஏகாம்பரம்,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. முறைப்படி உன் நல்ல குணங்களைச் சொல்லித் தொடங்க வேண்டும். மன்னித்துக்கொள், இன்று அதற்குப் பொறுமை இல்லை. உன் வாயால் நான் படும் பாடு நீ போன பிறகும் தீரவில்லை.

உன் மகன் டில்லிபாபுவுக்கு நான்கு மாதமாக மூக்கடைப்பு. மஞ்சள் சளி, கன்னத்தெலும்பில் வலி, மாலையானால் காய்ச்சல். அதோடுதான் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறான். டாக்டரிடம் போ என்றால் என்ன சொல்கிறான் தெரியுமா?

"இன்னா பெரிப்பா, சளிக்கெல்லாமா டாக்டரு? நம்ம மூக்குல போலீஸ் ஸ்டேஷனே கீதுன்னு நைனா சொல்லிக்கீறாரு. தானா பூடும்."

அந்த ஸ்டேஷனைத் திறந்துவைத்தவனே நான்தான். அதனால்தான் இந்த எரிச்சல்.

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஒவ்வொரு வருடமும் அந்தக் கசப்புத் தாளை நறுக்கிவைப்போமே, நினைவிருக்கிறதா? சிலர் நாக்கில் அது கடுங்கசப்பு, சிலருக்கு வெறும் காகிதம். பெற்றோர் வழி வருவது. மாணவர்களுக்கு முன் ஆசிரியன் நானும் உதவியாளன் நீயும் சுவைத்துக் காட்டுவது வழக்கம். எனக்கு ஒன்றும் தெரியாது. நீ தொட்டிக்கு ஓடித் துப்பிவிட்டு வந்து, "சாருக்கு செத்த நாக்கு, பசங்களா!" என்பாய். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கட்டுரையில் படித்ததை ராயபுரம் டீக்கடையில் உன்னிடம் சொன்னேன். நாக்கில் கசப்பை உணரும் அதே ஏற்பிகள் மூக்கின் உள்தோலிலும் இருக்கின்றன. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ள வெளியிடும் சில வேதிப்பொருள்களை அவை கண்டுகொள்கின்றன. உடனே அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை விடுகின்றன; அது கிருமியைக் கொல்லும். நுண்ணிழைகளும் வேகமாக அசைந்து சளியை வெளியே தள்ளும். அந்தத் தாளின் கசப்பு நன்றாகத் தெரிகிறவர்களுக்குச் சிலவகை மூக்குத் தொற்றுகள் குறைவாக வரக்கூடும் என்றேன்.

"சிலவகை", "வரக்கூடும்" என்ற இரண்டு சொற்களையும் நீ டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டாய். மறுவாரம் திருவொற்றியூர் முழுக்க உன் மூக்கில் போலீஸ் ஸ்டேஷன். திருத்துவதற்கு மூன்று முறை வாயெடுத்தேன். நீ அத்தனை சந்தோஷமாக இருந்தாய். எனக்கும் தைரியம் வரவில்லை. ஏன் வரவில்லை, ஏகாம்பரம்?

போன ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் மிச்சமிருந்த தாள்களை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். "இது நோயைக் காட்டும் தாள் இல்லை. கசப்பு தெரிந்தாலும் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும்" என்று முதலிலேயே சொன்னேன். டிவி சத்தத்தில் யார் கேட்டார்கள்?

டில்லி நாக்கை நீட்டினான். காத்திருந்தான். "கசக்கலியே பெரிப்பா. பஸ் டிக்கெட் மாரி கீது."

தாள் பழசாகியிருக்குமோ? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாளை உன் மருமகள் கோமதியிடம் கொடுத்தேன். வாயில் வைத்ததுதான் தாமதம், "தூ! இன்னா மாமா, இந்தக் கசப்பு கசக்குது!" என்று குழாயடிக்கு ஓடினாள். தாள் சரியாகத்தான் இருந்தது.

டில்லியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நைனா மூக்கு எனக்கு வர்லியா?"

அப்பாவின் பக்கம் பாதி, அம்மாவின் பக்கம் பாதி; அப்பாவுக்கே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அந்தக் கசப்பு வந்திருக்கலாம், அது பிள்ளைக்குப் போகாமலும் இருக்கலாம் என்று ஏதோ விளக்கினேன். அதற்குள் உன் மனைவி அஞ்சலை ஒரு தாளை எடுத்து வெற்றிலை போல மென்றுகொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒண்ணும் தெர்லண்ணே. எதுவும் கசக்காததாலதான் உன் தோஸ்து கூட நாப்பது வருசம் குடும்பம் நட்த்துனேன். டேய், நீ என் மூக்குடா. என்னைய மாரியே ஆஸ்பத்திரில போயி குந்து."

டில்லி சிரித்தான். சிரித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான், வலி. பிறகு, "வியாழக்கெழம லோடு இல்ல. நீயும் வர்றியா பெரிப்பா?" என்றான்.

நான்கு மாதம் நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட ஏறவில்லை. எதையுமே நிரூபிக்காத ஒரு துண்டுத் தாள் அவனைக் கிளப்பிவிட்டது. இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? தவறான காரணத்துக்காகச் சரியான இடத்துக்குப் போகிறான். "அப்படியில்லை டில்லி" என்று திருத்த வாயெடுத்தேன். வியாழக்கிழமை வரை பொறுப்போம் என்று மூடிக்கொண்டேன். நான் திருந்தவே இல்லை பார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வியாழன் காலை அவனோடு வரிசையில் உட்காருவேன். டாக்டர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அவனுக்குச் சொல்வேன். திரும்பும் வழியில், உன் போலீஸ் ஸ்டேஷன் கதையில் எது உண்மை, எது நீ சேர்த்தது, எது நான் சொல்லாமல் விட்டது என்று மூன்றையும் சொல்லிவிடுவேன். அவன் முறைத்தாலும் சரி, நீ அங்கிருந்து முறைத்தாலும் சரி.

செத்த நாக்குதான். இந்த முறை பேசும்.

உன் பிள்ளைக்குப் பெரியப்பா,
சபாபதி