ஏழாம் எண் கோப்பை

மார்ச் 2, சனி
மனைவியின் தம்பி மதியச் சாப்பாட்டுக்கு வந்தான், வழக்கம்போல நான்கு பாட்டிலோடு. பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு மச்சான் பீர் ஆலை தொடங்கி ஒரு வருடம். ஆலை என்றால் மூன்று தொட்டி, ஒரு குளிர் அறை, அவன். இன்று பழுப்பு பீர். முதலில் ஆரஞ்சுத் தோல் வாசம் தூக்கியது. அடுத்த மிடறில் அதே வெண்ணெய் வாடை. ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டுக் குளிரவைத்தால் வருவது. குடிநீர் வாரியத்தில் தண்ணீரை முகர்ந்து சுவைப்பதுதான் என் வேலை, எனக்கா தெரியாது?

“எப்படி மாமா?”

மனைவி என் முகத்தையே பார்த்தாள். “அருமைடா” என்றேன். ஒரு வருடமாக இதே பொய்.

மார்ச் 9, சனி
வட்டார பீர் போட்டிக்கு நடுவராக அழைத்திருக்கிறார்கள். எட்டு ஆலைகள், கோப்பையில் எண் மட்டும். மச்சான் போட்டியில் இருப்பதை நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இவள்: “ஏங்க, ஜெயிச்சா பெரிய ஹோட்டல்ல அவன் பீரை எடுத்துப்பாங்களாம். இல்லேன்னா மறுபடி பஸ்தான். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.”

மார்ச் 16, சனி
நகராட்சி மண்டபம். நடுவர்கள் நான், ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒரு பல் மருத்துவர். முதல் கோப்பை மெல்லிய மஞ்சள், குறையே இல்லை. மூன்றாவது கறுப்பு. வறுத்த வாசம், அடியில் லேசான இனிப்பு. சுவைத்ததைத் துப்புவதற்கு வைத்த கிண்ணத்தை நான் தொடவே இல்லை.

நான்காவதில் ஆரஞ்சுத் தோல். மச்சான்! வெண்ணெய் துளியும் இல்லை. கடைசியில் பையன் கற்றுக்கொண்டுவிட்டான். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டேன்.

ஏழாவதில் வெண்ணெய். ஆக, ஊரில் இன்னொருவனுக்கும் இந்தக் கோளாறு! ஒரு வருடமாக அடக்கிவைத்ததை எல்லாம் மதிப்பெண் தாளில் கொட்டினேன். “ஏதோ அவசரக்குடுக்கை காய்ச்சியது. பாப்கார்னை ஊறவைத்த தண்ணீர்.” ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச் 17, ஞாயிறு
முடிவு வந்தது. நான்காவது கோப்பை வேறு யாருடையதோ. ஏழுதான் மச்சானுடையது. இந்த முறை ஆரஞ்சுத் தோல் போடவில்லையாம்.

தாள்களை ஆலைக்காரர்களிடமே கொடுத்துவிட்டார்கள். அவனுடைய உரிம விண்ணப்பத்தை நிரப்பியதே நான்தான் — என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா?

மார்ச் 18, திங்கள்
மச்சான் போனை எடுக்கவில்லை.

மார்ச் 23, சனி
சாப்பிட வரவில்லை.

“மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா ஒரு நாள் கோவிச்சிருப்பான். இப்ப ஊரே சிரிக்குது” என்றாள்.

“நீதானே பாத்துப் பண்ணச் சொன்ன?”

“நான் சொன்னா? உங்களுக்கு நாக்கு இல்லையா?”

இருக்கிறது. அதை வைத்துத்தான் பிழைப்பே. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 28, வியாழன்
காலையில் அவனே கூப்பிட்டான். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆலைக்குப் போனேன். இரண்டாவது தொட்டியிலிருந்து ஒரு கோப்பை பிடித்து நீட்டினான்.

“சொல்லுங்க.”

“வெண்ணெய்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“முதல் பாட்டில்லேர்ந்து.”

“ஒரு வருஷம் மாமா! ஊருக்கெல்லாம் இதைத்தானே ஊத்திக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

குனிந்து குழாயைத் திறந்துவிட்டான். அறுநூறு லிட்டர், அப்படியே சாக்கடைக்கு. தொட்டி காலியாகும்வரை இருவரும் நின்றோம். அவன் அழவில்லை. எனக்குத்தான் முடியவில்லை.

ஏப்ரல் 20, சனி
வாரத்தில் நான்கு நாள் மறுபடி பஸ் ஓட்டுகிறான். மிச்ச நாள் ஆலை. புதுத் தொட்டியைச் சுவைக்க வரச் சொல்லியிருந்தான். வாடை குறைந்திருக்கிறது, போகவில்லை. “இன்னும் நாலு நாள் விடு” என்றேன். முகம் சுருங்கியது. சரி என்றான்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன். குளிர் அறைக் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறான்: “மாமா சரின்னு சொல்ற வரைக்கும் குளிர வைக்காதே.”