கடைசிப் பந்தி வாக்காளர்கள்

அக்கா,

நியூ லின் நூலகத்து பிரிண்டரிலிருந்து இன்று காலை என் வாக்குச்சீட்டு சூடாக வந்து விழுந்தது. கையில் எடுத்ததும் அதே வெந்த காகித வாசனை. நான்கு வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நின்று, "தோசைக்கல்லில இருந்து எடுத்த மாதிரிக் கிடக்கு" என்று உங்கள் சீட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நாம் சிரித்தோம். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டில் இருக்கும் பெயர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே போட்டியிலிருந்து விலகிவிட்டார்கள். இருந்தும் அவர்கள் பெயருக்கு எதிரேயும் நிரப்புவதற்கு ஒரு வட்டம் இருக்கிறது.

மறுபடியும் அந்தப் பருவம் வந்துவிட்டது. அமெரிக்கக் கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாகப் போய்க் கேட்கும் பருவம். நானும் நீங்களும் அந்த நாட்டின் குடியுரிமை வாங்கிக்கொண்டு, பிறகு குடியுரிமையை வைத்துக்கொண்டே ஊரை மட்டும் விட்டு இந்த ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தவர்கள். நான் திருச்சியிலிருந்து வேலை விசாவில் அங்கே போனவள்; நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போனவர். ஒரே மாநிலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருபது வருடம் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமல், இங்கே ஒரு பிரிண்டர் முன்னால் அறிமுகமானோம். நான் எடுக்க மறந்த தாளை நீட்டிக்கொண்டே, "தங்கச்சி, நீரும் அங்கத்த சிட்டிசனோ?" என்றீர்கள். எங்கள் ஊரில் 'நீர்' என்றால் நாடகத்தில் ராஜா பேசுவது. உங்கள் வாயில் அது அன்பாக இருந்தது.

உங்கள் மகள் வேலைக்குப் போகும் நேரத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தீர்கள். மகன் அங்கேயே தங்கிவிட்டான். அவனைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவன், தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, மருத்துவக் காப்பீடு கிடையாது. மருந்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டு நாளை ஓட்டுகிறான் என்பது அவன் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. வீடியோவில் அவன் முகம் தெரிந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது அவன் உதட்டை. சர்க்கரை ஏறிக் காய்ந்திருந்தால் அன்று முழுவதும் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். இங்கே மூலைக்கடைக்குப் பக்கத்து மருந்தகத்தில் யாரோ ஒரு பெரியவர் இன்சுலினைப் பால் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, வெளியே நடைபாதையில் நின்று அழுதீர்கள். "உவையளுக்கு ஏலும் எண்டா அவையளுக்கு ஏன் ஏலாது?" என்று என்னைக் கேட்டீர்கள். இந்த நாட்டால் முடிவது அந்த நாட்டால் ஏன் முடியாது? அந்தக் கேள்விக்கு நான் இன்று வரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் வேட்பாளர்களில் ஒரே ஒருவர் மருந்தைப் பற்றிப் பேசினார். நம் இருவருக்கும் சண்டை அவரை வைத்துத்தான். நான் கணக்குப் போடுகிறவள். ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுவதும் இருப்புக் கணக்குப் பார்க்கிற புத்தி. "அவர் நல்லவர்தான்க்கா, ஆனா ஜெயிக்கமாட்டார். ஜெயிக்கக்கூடிய ஆளுக்குப் போட்டாத்தான் பிரயோஜனம்" என்றேன். டிவியில் கோட் போட்டவர்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "வெல்லுறவருக்குத்தான் போடவேணும் எண்டா, பேந்து ஏன் எங்களைக் கேக்கினம்? வெல்லுறவரை அவையே கூட்டிக்கொண்டு போகட்டுமே!"

அதற்கு மேல் இந்தப் பருவத்தைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குளிர் அடிக்கும் இரண்டு மூன்று சின்ன மாநிலங்களுக்கு முதலில் இலை போடுகிறார்கள். வேட்பாளர்கள் அங்கே போய்ச் சந்தையில் குச்சியில் செருகிய எதையோ கடித்துக்கொண்டு, அதுதான் தங்களுக்கு உயிர் என்பதுபோல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே பின்தங்கியவருக்குப் பணம் நின்றுவிடும். பணம் நின்றவரை டிவி மறந்துவிடும். நம் மாநிலம் கடைசிப் பந்தி. நாம் கைகழுவி வந்து உட்கார்வதற்குள் வடை பாயசம் எல்லாம் தீர்ந்து, ரசத்தை ஊற்றி, சாப்பிடு, இது உன் ஜனநாயகக் கடமை என்கிறார்கள். இதற்கிடையில் தினமும் பத்து மின்னஞ்சல், என்னைப் பெயர் சொல்லி அழைத்து, நான் பணம் அனுப்பாவிட்டால் நாடே கவிழ்ந்துவிடும் என்று. நாடு கவிழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் மகனின் வீட்டு ஃபிரிட்ஜில் அது கவிழ்ந்து வெகுநாளாகிறது.

அன்று நூலக மேசையில் உட்கார்ந்து சீட்டை நிரப்பினோம். நீங்கள் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். யாருக்குப் போடப்போகிறீர்கள் என்று ஊருக்கே தெரியும், இருந்தும் தோளால் மறைத்துக்கொண்டு வட்டத்தை நிரப்பினீர்கள். "பரீட்சையாக்கா, நான் பாத்து எழுதிடப்போறனா?" என்று கிண்டல் செய்தேன். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் இன்றே போய்ச் சேர்ந்துவிடும், தபால் தாமதமாகும் என்று உங்கள் பேனாவுக்கு அருகே இன்னொரு தாளை நகர்த்தினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். தமிழில் சொன்னேன். மின்னஞ்சலில் அனுப்பினால் அதிகாரிகள் என் வாக்கைப் பார்க்க நேரும், இரகசிய வாக்குக்கான என் உரிமையை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

நீங்கள் பேனாவை மூடினீர்கள்.

"உதில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"சும்மா ஒரு சம்பிரதாயம்க்கா. யார் பாக்கப்போறாங்க? ஒரு ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு."

"தங்கச்சி, ஆர் பாக்கினம் எண்டது எங்களுக்குப் பேந்துதான் தெரியவரும்."

அதன் பிறகுதான் உங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்தில், வோட்டுப் போடக்கூடாது என்று ஊருக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரு தேர்தல். அண்ணன் பிடிவாதக்காரர், போய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டார். சின்ன விரலில் மை. தேசிக்காய்ப் புளி என்று நீங்கள் சொன்ன எலுமிச்சைச் சாறு போட்டு, சாம்பல் போட்டு, மணல் போட்டு நீங்கள் உரசியும் அது போகவில்லை. தோல்தான் போனது. கடைசியில் நீங்களே ஒரு துணியைக் கிழித்து, கத்தி வெட்டிய காயம்போல் விரலில் கட்டிவிட்டீர்கள். "மை காட்டிக்குடுக்கேல்லை, தங்கச்சி. நான் கட்டின துணிதான் காட்டிக்குடுத்தது. கட்டை அவிழ் எண்டவை." யார் கேட்டார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரமே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, "தபால்கந்தோர் எத்தினை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று கேட்டீர்கள்.

என்னுடையதை நான் மின்னஞ்சலில் அனுப்பினேன். உங்களுடையதை உறையில் போட்டு, ஓரத்தை இரண்டு முறை விரலால் அழுத்தி ஒட்டினீர்கள். தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது உங்கள் நடையே வேறாக இருந்தது. மகனுக்கு ஏதோ மருந்தே அனுப்பிவிட்டவர்போல.

உறை கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அந்த வேட்பாளர் விலகிவிட்டார். எனக்குச் செய்தி கைப்பேசியில் வந்தது. நியூ லின் ரயில் நிலையத்தில், படிக்கட்டுக்குக் கீழே, நீங்கள் பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியோடு நின்றிருந்தீர்கள். சொல்லாமல் இருக்க முடியாது, மாலைக்குள் மகளே சொல்லிவிடுவாள். சொன்னேன். ரயில் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போய்விட்டது. நாம் ஏறவில்லை.

"அவர் விலகினா விலகட்டும்" என்றீர்கள் பிறகு. "நான் விலகேல்லைத்தானே. என்ர கடிதம் போய்ச் சேர்ந்திட்டுதோ எண்டு மட்டும் பாரும்."

பார்த்தேன். நீங்கள் ஒவ்வொரு வாரமும் நூலகத்துக்கு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றீர்கள். சீட்டு வந்ததா என்று காட்டும் தேர்தல் அலுவலக இணையதளம் வரவில்லை, வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்து, வென்றவர் கைகளை உயர்த்தி, தோற்றவர்கள் எல்லாம் அவர் பின்னால் நின்று பல்லைக் காட்டிய பிறகு ஒருநாள் அந்த வரி மாறியிருந்தது. தாமதமாகக் கிடைத்தது. எண்ணப்படவில்லை.

"லேட்டாத்தான் போயிருக்குக்கா. சேத்துக்கலையாம்" என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. உங்களுக்காகவா, அந்தக் குளிர் மாநிலங்களுக்காகவா, வென்றவருக்கே போட்டு ஒன்றும் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்த என் புத்திசாலித்தனத்துக்காகவா, தெரியவில்லை.

நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"திறந்து பாத்தவையோ?"

"இல்லக்கா. லேட்டா வந்ததைத் திறக்கமாட்டாங்க. அப்படியே ஒட்டினபடி வச்சிருப்பாங்க."

"ஒருத்தரும் பாக்கேல்லை?"

"ஒருத்தரும் பாக்கல."

"அப்ப சரி" என்றீர்கள்.

அந்த 'அப்ப சரி'யை நான் வெகுநாள் புரியாமல் வைத்திருந்தேன். தோல்வியை விழுங்குகிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உங்களிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட உலகம், அந்த ஒரு உறையை மட்டும் பிரிக்கவில்லை.

போன குளிர்காலம் நீங்கள் போய்விட்டீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உங்கள் மகன் வந்து சேர்வதற்காகச் சடங்கைத் தள்ளிவைத்திருந்தார்கள். முதன்முறையாக அவனை நேரில் பார்த்தேன். தோளில் ஒரு சின்ன மருந்துக் குளிர்ப்பை, அதைக் கீழே வைக்கவே இல்லை. உங்கள் உடலுக்குப் பக்கத்தில் நின்றபோதும் அது தோளிலேயே கிடந்தது. நான் அவன் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். காய்ந்திருந்தது.

எரியூட்டு மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், அவனிடம் உங்கள் வாக்கைப் பற்றிச் சொன்னேன். தபால், விலகியவர், எண்ணாமல் போனது, எல்லாம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ யாருக்குப்பா போட்ட அந்த வருஷம்?"

அவன் கொஞ்ச நேரம் தமிழைத் தேடினான். "நான் வோட் பண்ணுறேல்லை, ஆன்ட்டி. ஒருநாளும் பண்ணேல்லை. எனக்கு ஷிஃப்ட் இருக்கும். பேந்து... அம்மா பண்ணுவாதானே."

எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. நீ உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒருத்தி கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாளடா என்று கத்த நினைத்தேன். அவன் கண்ணைப் பார்த்தபோது அது முடியவில்லை. அங்கேயே இருப்பவன். பத்து மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு, மருந்தைப் பாதியாகப் போட்டுக்கொண்டு தூங்குபவன். கடைசிப் பந்தியில்கூட தனக்கு இலை இல்லை என்று அவன் முடிவுசெய்துகொண்டதில் என்ன அதிசயம்?

"அம்மா ஆருக்குப் போட்டவா?" என்று அவனே கேட்டான்.

நீங்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. "எனக்குக் காட்டலப்பா" என்றேன். அது உண்மைதான்.

அவன் திரும்பிப் போன பிறகு, வாக்காளராகப் பதிவுசெய்யும் இணைப்பை அனுப்பினேன். படித்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இந்த வருடம் மறுபடியும் அனுப்பினேன். அதற்கும் நீலக் குறி. உயிரோடு இருக்கிறான் என்று அந்தக் குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இந்த முறை மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அக்கா. இருப்பவர்களில் வெல்லக்கூடியவர் யார் என்று கோட் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். விலகியவர்களில் ஒருவர் ஒருமுறை, ஏதோ ஒரு ஊர்க் கூட்டத்தில், இன்சுலின் என்ற வார்த்தையைச் சொன்னார். அது போதும். நூலக மேசையில், பின்னால் யாரும் இல்லாதபோதும் தோளால் மறைத்துக்கொண்டு, அவர் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை நிரப்பினேன்.

மின்னஞ்சலில் அனுப்பினால் இன்றே போய்விடும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை எடுத்து, வரியை ஒருமுறை படித்தேன். கீழே அந்தக் கோடு. போன முறை யோசிக்காமல் என் பெயரை எழுதிய கோடு. இன்று அதை வெறுமையாக விட்டுவிட்டு, உறையை எடுத்து ஓரத்தை இரண்டு முறை விரலால் அழுத்தினேன். தாமதமாகப் போகலாம். எண்ணாமல் விடலாம். திறக்கமாட்டார்கள்.

அப்ப சரி, அக்கா. தபால்கந்தோர் மூடுவதற்குள் போகவேண்டும்.