பேர் ஒன்றுதான், மாத்திரை வேறு

என் நைனாவுக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைக் கேட்பதற்குள் நீ பதறிப்போவாய்.

நீ கண்ணை மூடிய பிறகு அவளுக்குத் தூக்கமே இல்லை. மார்பு அடித்துக்கொள்கிறது என்பாள். கிளினிக் டாக்டர் இரண்டு மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார். பழைய சீட்டைக் காட்டியே அம்மா மூன்று மாதம் வாங்கியிருக்கிறாள். நான் ஏன் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை?

ஹார்பரில் கிரேன் ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டபோது உனக்கும் அதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். உன்னுடையது பத்து மில்லிகிராம். அதில் இரண்டு அட்டை உன் சட்டைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, எனக்குத் தையல் கம்பெனியில் அரை நாள். மத்தியானம் திருவொற்றியூர் வந்து கதவைத் தள்ளினால் வீடெல்லாம் புகை. ஸ்டவ்வில் சோறு கருகிக்கொண்டிருக்கிறது. அம்மா சுவரில் சாய்ந்தபடி கிடந்தாள். உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன். பாதிக் கண்ணைத் திறந்து, குழறலாக உன் பேரைச் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன மாத்திரை? எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டார். வீட்டுக்கு ஓடி, கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். உன் அட்டை, இருமல் மருந்து பாட்டில், எல்லாம்.

மறுநாள் தெளிந்ததும் அம்மா சொன்னாள்: "என்னுது தீந்துபூட்சி. பேரு ஒண்ணாதானே கீதுன்னு நைனாவோடத போட்டேன். தெனம் ஒண்ணுதான்டி போட்டேன், ஜாஸ்தி போடல. இருமலுக்கு அந்த பாட்டில் மருந்தும் ரெண்டு மூடி குட்ச்சேன்."

"பேர் ஒண்ணுதாம்மா. ஆனா இதுல ஒண்ணு போட்டா, உங்களோடத அஞ்சு போட்ட மாதிரி" என்றார் டாக்டரம்மா. "இருமல் மருந்தும் தூக்கம் தர்றதுதான். ரெண்டும் சேர்ந்தா மூச்சே நின்னுடலாம்." பிறகு என்னைப் பார்த்து, "கிளினிக் டாக்டரைக் கேக்காம நீங்களா எதையும் மாத்தாதீங்க" என்றார்.

அது என் காதில் ஏறவில்லை நைனா. வீட்டுக்கு வந்ததும் எல்லா மாத்திரையையும் சாக்கடையில் கொட்டினேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அம்மாவால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. எண்ணூர் ரோட்டில் லாரி ஹாரன் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி, தரை ஆடுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி ஆட்டோ, மறுபடி அதே டாக்டரம்மா. "ஒரேயடியா நிறுத்தச் சொன்னது யாரு? வலிப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இப்போது அவர் எழுதிக் கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். மாத்திரை என்னிடம்தான் இருக்கிறது. அம்மா அரை மாத்திரைக்கு வந்துவிட்டாள். ஆனாலும் கம்பெனியில் என் மனசு நிற்பதில்லை. ஸ்டவ் எரிகிறதோ, மூச்சு இருக்கிறதோ என்று ஒரே நினைப்பு. ஒரு நாள் மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது.

போன வாரம் அம்மாவுக்குப் பாதியை உடைத்துக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அரைதானே, எனக்கு என்ன ஆகிவிடும்?

அம்மா பார்த்துவிட்டாள். என் கையை விரித்து அதை எடுத்துக்கொண்டாள். "இது எனுக்கு எய்தினது. உனுக்கு இன்னா பண்ணுதுன்னு டாக்டராண்ட நீயே சொல்லு. நானும் கூட வரேன்."

நாளைக் காலை போகிறோம். விரலைப் பற்றி, படபடப்பைப் பற்றி, கையில் வைத்திருந்த அந்த அரை மாத்திரையைப் பற்றி, எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். சத்தியம் நைனா.

உன் ஒரே மகள்,
கலா