ஓவனில் காய்ந்த ஷூ

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. மாட்டுங்கா ஸ்டேஷன் வெளிய முழங்கால் தண்ணி. லேப் பூரா ஈர நாத்தம்.

இன்னைக்கு வேலை: தேங்காச் சிரட்டைக்கரி, நாலாவது சாம்பிள், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு பிடிக்குன்னு மறுபடி அளக்கணும். போன புதன் வந்த நம்பர் ரொம்பப் பெருசு. சார் ஊரெல்லாம் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை சிமெண்ட் கம்பெனிக்காரங்க வாராவ. அவங்க சிம்னிப் புகையை நம்ம கரி பிடிச்சு வைக்கும்னு நம்பினா ப்ராஜெக்ட் நீளும். இல்லேன்னா மாசக் கடைசியோட எனக்கு வேலை இல்ல.

ராணி அக்கா, எங்க சந்துல இட்லி யாவாரம், சட்னிக்குத் தேங்கா துருவின சிரட்டையெல்லாம் எனக்குத்தான் தருவா. காலையில: "ஏட்டி, என் சிரட்டை கம்பெனிக்குப் போவுதாமே, ஒரு போட்டோவாவது எடுத்தியா?"

ஜூலை 15, செவ்வாய்

நம்பர் பாதிதான். மூணு தடவை அளந்தாச்சு. சிலிண்டர் சரி. தராசு சரி. கரியும் அதே கரி.

மாத்தினது ஒண்ணே ஒண்ணு. கேஸோட ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல், புது டப்பா. போன வாரம் போட்டது ஓவன்ல காயவச்ச பழசு. சீப்பான வெள்ளை ரகம், ஈரமா காஞ்சதான்னு கண்ணுக்குத் தெரியாது.

ஓவனைத் திறந்தேன். உள்ள, ஜெல் தட்டு பக்கத்துல, கூட வேலை பாக்கற மிலிந்தோட ஷூ! நூத்தி இருபது டிகிரில ஓட வேண்டிய ஓவன் அறுபதுல ஓடுது. ஷூ உருகிரக் கூடாதுன்னு குறைச்சிருப்பான். அறுபதுல ஜெல் எங்க காயும்? ஈரக் கேஸ் போயி, கரி தண்ணியைக் குடிச்சு, எடை ஏறி, அதை நாங்க கார்பன் டை ஆக்சைடுன்னு எழுதி... சே.

லேபே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். அவன்: "ஸப் கர்தே ஹை, யார்." மழைன்னா எல்லாரும் பண்றதுதானாம். மூஞ்சி.

ஜூலை 16, புதன்

தூக்கமே இல்ல.

போன வாரம் முழுக்க மிலிந்த் லீவு. நாசிக். அப்ப அந்தப் புதன்கிழமை ஓவனைக் குறைச்சது யாரு?

நான். தாராவியிலருந்து தண்ணியில நடந்து வந்து, என் கேன்வாஸ் ஷூவை உள்ள வச்சு, அறுபதுக்குத் திருப்பினது நான்தான். திரும்ப ஏத்தவே இல்ல. அவனை அந்தக் கிழி கிழிச்சேனே, வெக்கங்கெட்டவ. மன்னிப்புக் கேட்டேன். தோளைக் குலுக்கிட்டு வடாபாவுல பாதி தந்தான். அது இன்னும் எரிச்சல்.

ஜூலை 17, வியாழன்

மழை கொஞ்சம் விட்டிருக்கு. சார்ட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஷூ உட்பட.

"இத பாரும்மா, ஸ்லைடெல்லாம் அனுப்பியாச்சு. பழைய நம்பரே இருக்கட்டும். சிம்னிப் புகையிலயும் ஈரம் இருக்கத்தானே செய்யும்?"

"அதான் சார் பிரச்சினை. கரியில இருக்க துளையெல்லாம் தண்ணி அடைச்சுக்கிட்டா கார்பன் டை ஆக்சைடுக்கு ஏது இடம்?"

"உன் வேலைக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகவாம்! தப்புப் பண்ணினவ நான், ஒத்துக்கிட்டேன். இவரு தெரிஞ்சே பண்ணுதாரு.

வாங்க வேண்டியது: பால், ஓடோமாஸ், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை.

ஜூலை 18, வெள்ளி

கம்பெனியிலருந்து ரெண்டு பேர் வந்தாங்க, அதுல ஒரு மேடம். ஸ்லைடுல அதே பழைய பெரிய நம்பர், பெரிய எழுத்து, பச்சைக் கலர். அந்த மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "கேஸை நல்லா உலர்த்தித்தானே அளந்தீங்க?"

சார் என் பக்கம் கையைக் காட்டினாரு. "அளந்ததெல்லாம் இந்தப் பொண்ணுதான். அவளே சொல்லுவா." தப்பிச்சுக்கிட்டாரு பாரு.

சொன்னேன். "இல்ல மேடம். அதுல பாதி தண்ணி. சரியான நம்பர் இதுல பாதிதான். தப்பு என்னோடது. சாருக்கு நேத்தே தெரியும்."

மிலிந்த் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். மேடம் எழுதிக்கிட்டாங்க. டீ குடிக்காம போயிட்டாங்க.

சார் சாயங்காலம் வாசல்ல நின்னு, என்னைப் பாக்காம: "முப்பத்தொண்ணு வரைக்கும் வா. போதும்."

அஞ்சாவது சாம்பிளை உலையில ஏத்திட்டுத்தான் கிளம்பினேன். இன்னும் பதிமூணு நாள் அது என் கரி.