ஒன்பதிலிருந்து பத்துக்கு

ஜனவரி 20, செவ்வாய்

ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஒன்று. என் ரத்தத்துக்கு இன்றைக்குக் கிடைத்த மார்க் இது. கணக்குப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு மோசமில்லை.

நர்ஸ் தனலட்சுமி அக்கா என் அட்டையில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். "ஆறாவது மாசம் கண்ணு. பிரசவத்துக்குள்ள பத்தைத் தொட்டுரோணும். இல்லீன்னா சேலத்துலதான் சேத்தோணும். அவசரம்னா ரத்தம் ஏத்தறதுக்கு இங்க வசதியில்ல பாரு."

சேலமா! இருபது கொண்டை ஊசி வளைவு. வயிற்றில் ஒன்றும் இல்லாத காலத்திலேயே மூன்று வளைவு தாண்டுவதற்குள் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவள் நான். தேதி வேறு மே இருபத்திரண்டு. சீசன் உச்சத்தில் இருக்கும், மலைப்பாதை முழுக்க வண்டி நிற்கும். ஓட்டலில் இவருக்கு அந்த மாதம் லீவு என்ற பேச்சே கிடையாது. நான் கீழே, இவர் மேலே. முடியவே முடியாது. ஏற்காட்டில்தான் பெற்றுக்கொள்வேன்.

கீரை, முட்டை, ராகி, பேரீச்சை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்புச்சத்து மாத்திரை. "மாத்திரைக்கு முன்னால ரெண்டு மணி நேரம், பின்னால ரெண்டு மணி நேரம், டீயைத் தொடவே கூடாது" என்றார் அக்கா. நன்றாகத் தலையாட்டினேன். நான் எங்கே டீ குடிக்கிறேன்?

ஜனவரி 21, புதன்

இவர் அட்டையை நாலு தடவை படித்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இனிமே அடுப்படி என்னோடது, சக்தி. தாளிக்கிற வாசம் உனக்கு ஆவறதில்ல. நீ அங்கிட்டு வரவே வேண்டாம்."

அலமாரியில் இருந்த டீத்தூள் பாக்கெட்டை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிற மனிதர். "ஊட்டுல இருந்தாத்தானே கண்ணுல படும். நானும் உட்டுடறேன்" என்றார். நான் டீ குடிப்பதே இல்லை என்பதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பன்னிரண்டு வருடமாக ஓட்டல் அடுப்பில் நிற்கிறவர். கோபி மஞ்சூரியன் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வார். முருங்கைக்கீரை என்றால் முழிக்கிறார். இன்றைக்குக் கீரைப் பொரியல் கருப்பாக வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கொஞ்சூண்டு சோயா சாஸ்."

"ஏனுங்க, கீரைக்கா?"

"கலருக்கு."

சாப்பிட்டேன். சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. குழந்தையும் உள்ளே ஒரு உதை விட்டது. சிரிப்பா, எதிர்ப்பா, தெரியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ராகிக் களி, அவரைக்காய், இரண்டு முட்டை, ஒரு கொய்யா. சோயா சாஸ் இல்லை. முன்னேற்றம்.

பிப்ரவரி 11, புதன்

கடையில் இன்று நல்ல கூட்டம். ஐயாக்கண்ணு முதலாளியின் காபித்தூள் கடைக்கு நான் வந்து ஆறு வருடம் ஆகிறது. காலையில் வறுபடும் கொட்டையின் பதத்தை ருசி பார்த்துச் சொல்ல வேண்டியது நான். வருகிற டூரிஸ்ட்டுகளுக்குச் சின்னக் கப்பில் மாதிரி போட்டுக் கொடுக்க வேண்டியதும் நான். கொடுக்கிறவள் குடிக்காமல் நின்றால் யார் வாங்குவார்கள்?

இந்த ஆறு மாதத்தில் என்னைக் குமட்டாத ஒரே வாசனை காபிதான். பூண்டு ஆகாது, நெய் ஆகாது, இவருடைய ஓட்டல் சட்டை சுத்தமாக ஆகாது. மதியம் சாப்பாடு, மாத்திரை, அதற்குப் பின்னால் ஒரு டம்ளர் காபி. அது இறங்கினால்தான் சாப்பிட்டதும் வயிற்றில் நிற்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

9.0.

ஏறவில்லை. இறங்கியிருக்கிறது. ஒரு மாதம் முழுக்கக் கீரை தின்றேனே, ஆடாகியிருந்தால்கூட இந்நேரம் கொழுத்திருப்பேன்!

பிப்ரவரி 22, ஞாயிறு

செம்மநத்தத்திலிருந்து மாமியார் வந்தார். மடியில் சாமை, பையில் நெல்லிக்காய், வாயில் கேள்வி. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்குதே சாமி. ஏன்டா ஜீவா, என்னத்தடா ஆக்கிப் போடற?"

இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமியார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஓட்டல்காரன் சமையல்ல எண்ணெய் இருக்கும், காரம் இருக்கும். சத்து எங்கிருக்கும்?"

இவர் அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்கு சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலுக்குத்தான் இந்தப் பெயர். ரத்தம் ஊறும் என்று யாரோ சொன்னார்களாம். கசாப்புக் கடையில் காலை ஐந்தரைக்கே போய் நின்று, மற்றவர்களோடு சண்டை பிடித்து வாங்கி வந்திருக்கிறார். மிளகு போட்டு வறுத்திருந்தார். சத்தியமாக நன்றாக இருந்தது. ஓட்டலில் இதைப் போட்டால் வரிசையில் நிற்பார்கள் என்றேன். காது வரைக்கும் சிரித்தார்.

மார்ச் 17, செவ்வாய்

8.9.

தனலட்சுமி அக்கா சிரிக்கவில்லை. "மாத்திரையை ஒழுங்காப் போடறியா?" என்றார். போடுகிறேன் என்றேன். "டீ?" என்றார். தொடுவதே இல்லை என்றேன். இரண்டும் உண்மைதான்.

உண்மைதானா?

"அடுத்த மாசமும் இப்பிடியே இருந்தா சேலத்துக்கு எழுதிருவேன் கண்ணு. அப்பறம் என்னைய நோவாதே."

மார்ச் 19, வியாழன்

இவர் குளிக்கப் போயிருந்தார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 21-லிருந்து நான் தின்றதெல்லாம் இருக்கிறது. இவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். 'முருங்கை 1 கப். முட்டை 2. களி 1 உருண்டை, பாதி வைத்துவிட்டாள். கொய்யா 1.' ஒரு நாள் விடவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்து எழுதியிருந்தார்:

'என்ன தப்பு பண்றேன்னு தெரியல.'

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதில் எல்லாம் இருக்கிறது. காபி மட்டும் இல்லை. இவருக்குத் தெரியாதே, எப்படி எழுதுவார்?

எழுதிவிடுகிறேன், மனசுக்குள் வைத்துக்கொண்டு சாப்பாடு இறங்கவில்லை. டீ கூடாது என்று அக்கா சொன்ன அன்றைக்கே 'காபி குடிக்கலாமுங்களா' என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் என்ன சொல்லுவார் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. அந்த மனுசன் டீயையே விட்டுட்டாரு, அவங்க அம்மாகிட்ட பேச்சு வாங்கினாரு, நான் கடையில உக்காந்து டம்ளர் டம்ளரா ஊத்திக்கிட்டிருக்கேன். எனக்கு வெட்கமாக இல்லையா? இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். இவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எத்தன டம்ளர்?"

"மூணுங்க."

"சக்தி."

"நாலு. கப்புல ருசி பாக்கறது தனிங்க."

"மாத்திரை போட்டுட்டா?"

"அது ஒண்ணு மட்டும் மாத்திரை போட்ட கையோட."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி அழுதிருப்பேன், சரியாகப் போயிருக்கும். எழுந்து போய் அந்த நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் 'காபி 4' என்று எழுத ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு நாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி நாளுக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

"எங்கம்மா சொன்னதை நான் நம்பிட்டேன் தெரியுமா? என் சமையல்லதான் சத்து இல்லன்னு."

நான் அழுதேன். நொம்ப நேரம் அழுதேன். அதற்குப் பிறகு அவரைக்காய் உரித்தோம்.

மார்ச் 21, சனி

தனலட்சுமி அக்காவிடம் நேரில் போய் ஒப்புக்கொண்டேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "காபி மலையில வந்து வேலை பாக்கறேன், இதை நானே தனியாச் சொல்லியிருக்கோணும். மாத்திரை போட்டும் பாதி வீணாத்தான் போயிருக்கும். மத்த பொம்பளைங்க எத்தன பேரு இப்பிடிப் பண்றாங்களோ!"

இன்றிலிருந்து காபி இல்லை. சாயந்திரத்திலிருந்து தலைவலி. மண்டைக்குள் யாரோ கொட்டை இடிக்கிறார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

தலைவலி.

மார்ச் 23, திங்கள்

தலைவலி. இவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "ரெண்டு மாசத்துக்கு முன்னால எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். டீயை விட்டபோது. அப்போது நான் கேட்கவே இல்லை.

மார்ச் 27, வெள்ளி

முதலாளியிடம் ருசி பார்க்கக்கூட இனி குடிக்க முடியாது என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். "வாயில ஊத்து, ருசி பாரு, துப்பு. பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் அப்பிடித்தானாம்."

காபியைத் துப்புவதா! முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. வாளியைப் பார்த்த டூரிஸ்ட் அம்மா ஒருத்தி, "தூள் கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முதலாளி இனிமேல் வாளியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

9.6!

மாமியாருக்கு போன் போட்டேன். இவர் பக்கத்தில் இருக்கும்போதே, ஸ்பீக்கரில். "அத்தை, தப்பு என்மேலதானுங்க. காபியை மறைச்சுக் குடிச்சேன். உங்க பையன் சமையல்ல சத்து இருக்குதுங்க. சுவரொட்டி எல்லாம் வறுத்துப் போட்டாருங்க."

"அந்த சுவரொட்டி எப்பிடி வறுத்தான்னு கேட்டுச் சொல்லு சாமி" என்றார் மாமியார்.

மே 5, செவ்வாய்

9.9. அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ரத்தம் என்னதான் செய்கிறது? அக்காவிடம் பத்து என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "இது என்ன மார்க் ஷீட்டா?" என்றார். அடுத்த செவ்வாய் வரைக்கும் சேலத்துக்கு எழுத மாட்டேன் என்றார். அது போதும்.

மே 12, செவ்வாய்

10.2. 10.2. 10.2.

மே 18, திங்கள்

பெண். இரண்டு கிலோ எண்ணூறு. நேற்று மாலை நாலு பத்துக்கு.

ஞாயிறு காலை பதினொன்றுக்கு வலி எடுத்தது. தேதிக்கு ஐந்து நாள் முன்பே. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்தார், பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. இவர் ஓட்டலிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். நெய் வாசம், பூண்டு வாசம், எல்லாம் வந்தது. ஒன்றும் குமட்டவில்லை. அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் கத்தினேன்.

தனலட்சுமி அக்கா இன்று காலையில் குழந்தையைப் பார்க்க வந்தபோது சொன்னார். நேற்று மதியம் சேலம் பாதையில் ஏதோ ஒரு வேன் வளைவில் குறுக்கே நின்றுவிட்டதாம். மேலேயும் கீழேயும் ஒரு வண்டி நகரவில்லை. ஐந்து மணி நேரம். குழந்தையின் கையை எடுத்து என் விரலைப் பிடிக்க வைத்துக்கொண்டேன்.

மதியம் இவர் கீரைச் சோறும் முட்டையும் கொண்டு வந்தார். கூடவே இரண்டு பிளாஸ்க். ஒன்றில் எனக்குக் காபி, முதலாளி தன் கையால் வறுத்து அனுப்பியதாம். இன்னொன்றில் இவருக்கு டீ. நாலு மாதத்துக்குப் பிறகு.

சாப்பிட்டு மாத்திரையைப் போட்டேன். இன்னும் ஆறு மாதம் போட வேண்டுமாம். இவர் காபி பிளாஸ்க்கைத் திறந்தார். வார்டே மணத்தது.

"இன்னைக்கு ஒரு நாள் குடிச்சுக்க சக்தி. நேத்துப் பட்ட பாட்டுக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

"நோட்டுல எழுதோணுமேங்க" என்றேன்.

மூடியைத் திருகி மூடினார். டீ பிளாஸ்க்கை நீட்டி, நீங்களாவது குடியுங்கள் என்றேன். "நீ குடிக்கறப்ப குடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாத்திரை போட்டது ஒன்றரைக்கு. இப்போது மணி மூன்று. குழந்தை தூங்குகிறாள், இவரும் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இன்னும் அரை மணி நேரம். அப்போது இவரை எழுப்பிக்கொள்ளலாம்.